பாட்டாவின் சுங்கான்: குமரிக் கரையில் நான்கு நாள்

முதல் நாள், நாகர்கோவில்

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் வள்ளியூரைத் தாண்டியதும் தூக்கம் போய்விட்டது. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் ரயில் நுழையும்போது ஜன்னல் வழியே ஒரு காற்று வந்து முகத்தில் அடிக்கும். அதற்காகவே ஏசி பெட்டியில் டிக்கெட் எடுப்பதில்லை. இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. பாட்டா (எங்கள் ஊரில் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 1941-இல் பட்டாளத்துக்குப் போனபோது இந்தத் தண்டவாளம் கிடையாது. பஸ்ஸில் திருநெல்வேலி போய், அங்கிருந்து ரயில் பிடித்து பெங்களூர் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 19 வயது.

சித்தப்பா ஸ்கூட்டரோடு ஸ்டேஷனில் நின்றார். பழைய வீட்டைக் கைமாற்றிக் கொடுக்கும் முன் உள்ளே இருப்பதைப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குத்தான் இந்த நான்கு நாள் லீவு. சாயா குடித்த கையோடு பாட்டாவின் தகரப் பெட்டியைத் திறந்தோம். ஒரு கம்பளிச் சட்டை, டிஸ்சார்ஜ் புத்தகம், இத்தாலி ஸ்டார் உட்பட இரண்டு மெடல். அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்த ஒன்று.

“லேய் மக்கா, இது உங்க பாட்டாவுக்க சுங்கான்லா” என்றார் சித்தப்பா. ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

சுங்கான் என்ற சொல்லை நான் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. புகையிலை திணித்துப் புகைக்கும் இதைச் சென்னையில் எல்லாரும் பைப் என்றுதான் சொல்கிறோம். பாட்டா வாயில் அது சுங்கான்தான். “ஒரு சுங்கான் நேரம் இரு மக்கா, வாறேன்” என்பார். அரை மணி நேரம் என்று அர்த்தம்.

பொருளைச் சொல்கிறேன். கிண்ணம் பிரையர் வேர்க்கட்டை. மத்தியதரைக்கடல் ஓரத்து மலைகளில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற செடியின் அடிவேரில் ஒரு முண்டு உருவாகும். சூட்டை நன்றாகத் தாங்கும் கட்டை அது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்சின் சான் குளோத் ஊர்க்காரர்கள் இதில் சுங்கான் கடையத் தொடங்கிய பிறகு, களிமண் சுங்கானுக்கு இருந்த மவுசு மெல்லக் குறைந்தது. கட்டையும் வாய்க்குழலும் சேரும் இடத்தில் ஓர் உலோகப் பூண். குழல் நுனி பக்கம் மெலிந்து அந்தப் பூணுக்குள் சும்மா செருகி நிற்கிறது. இதற்குப் பெயரே ஆர்மி மவுண்ட். சாதாரணச் சுங்கானைச் சூடாக இருக்கும்போது கழற்றினால் கழுத்து உடைந்துவிடலாம். இதைச் சூட்டோடு இழுத்துத் துடைத்துவிட்டுத் திரும்பச் செருகலாம். எப்போது கிளம்பச் சொல்வார்கள் என்று தெரியாத ஆளுக்கு அதுதான் தோது. குழல் வல்கனைட், அதாவது கெட்டிப்படுத்திய ரப்பர். ஒரு காலத்தில் கறுப்பாக இருந்தது, இப்போது பாசி நிறத்துக்கு வந்துவிட்டது. நுனியில் இரண்டு பல் தடம்.

பாட்டா பட்டாளத்தின் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தார். அந்தப் படைக்காரர்களுக்குப் பட்டாளம் முழுக்க ‘தம்பி’ என்றே பெயர். இரண்டாம் உலகப் போரில், இத்தாலியில் அவருடைய வேலை ஆறுகளுக்குக் குறுக்கே பெய்லி பாலம் போடுவது, அதாவது இரும்புப் பேனல்களைக் கோத்துச் சட்டென்று பாலம் எழுப்புவது. ஒரு பேனல் கிட்டத்தட்ட 260 கிலோ, ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். இருட்டில், சத்தமில்லாமல், எதிர்க்கரையிலிருந்து குண்டு வந்துகொண்டிருக்கும்போது. இந்தியாவில் செய்து அனுப்பிய ‘வி’ சிகரெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் முகம் சுருங்கும். பழைய கயிறு எரிகிற நாற்றம் என்பார். 1944 குளிர்காலத்தில் ஒரு கிராமத்துக் கிழவர் இரண்டு டின் புல்லி பீஃபுக்கு (டின்னில் அடைத்த மாட்டிறைச்சி) இந்தச் சுங்கானைக் கொடுத்தாராம்.

பாலம் முடிந்து முதல் லாரி ஏறும் வரைக்கும் அவர்களுக்கு ஒரு சுங்கான் நேரம் கிடைக்கும். பாட்டா போரைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மிச்சமிருப்பது அந்த அரை மணிநேரம் மட்டும்தான். கனடாவின் ஆறுகளில் தோல் வியாபாரத்துக்குப் படகு வலித்தவர்கள் தூரத்தையே சுங்கான் கணக்கில் சொல்வார்கள் என்று பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. மற்ற நேரமெல்லாம் மேலதிகாரிக்குச் சொந்தம், இது மட்டும் தனக்கு என்று இருக்கிற மனிதனுக்கு இதைவிட நல்ல அளவுகோல் வேறு எது?

இந்த நான்கு நாளும் சுங்கானைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சுற்றப் போகிறேன். நான் புகைக்கிறவன் இல்லை. அவர் இதை எங்கிருந்து கொண்டுவந்தார் என்று தெரியும். இந்தப் பழக்கம் அவருக்கு முன்னால் எந்தெந்தப் பட்டாளத்தார் கை வழியாக வந்தது என்று தேடிப்பார்க்க ஆசை. அதற்கு எங்கள் மாவட்டத்தைவிட்டு வெளியே போக வேண்டியதில்லை.

இரண்டாம் நாள், உதயகிரி

வடசேரியில் தக்கலை பஸ் ஏறிப் புலியூர்க்குறிச்சியில் இறங்கினேன். உதயகிரிக் கோட்டை ரோட்டோரத்திலேயே இருக்கிறது. பெரிய கருங்கல் மதில், நடுவில் ஒரு குன்று, சுற்றிலும் மரங்கள். இப்போது வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாக வைத்திருக்கிறது. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் மான்களைப் பார்க்கப் பிள்ளைகள் ஒரு பக்கம் ஓடுகிறார்கள். நான் மறுபக்கம் நடந்தேன்.

கூரை இல்லாத ஒரு சின்னத் தேவாலயம். அதற்குள்தான் டிலனாய் கிடக்கிறார். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட ஒல்லாந்தக் கும்பெனிக்காரர், அதாவது டச்சுக் கிழக்கிந்தியக் கும்பெனியின் ஆள். பிடித்த அரசரிடமே வேலைக்குச் சேர்ந்து, படையைப் பழக்கி, இந்தக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் உலை வைத்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய கேப்டன்) ஆனவர். 1777 ஜூன் 1-இல் இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். லத்தீன் வாசகம் ‘நில், வழிப்போக்கனே’ என்று தொடங்குகிறது. பக்கத்தில் மனைவி மார்கரெட்டும் மகனும். நான் நின்றேன். வெகுநேரம் நின்றேன். ஒரு அணில் கல்லின் மேல் ஏறி இறங்கிப் போனது.

டிலனாயோடு கப்பலில் வந்த சிப்பாய்களின் மூட்டையில் என்ன இருந்திருக்கும் என்று யோசிக்கும்போது முதலில் நினைவுக்கு வருவது வெள்ளைக் களிமண் சுங்கான்தான். அந்த நூற்றாண்டில் ஒல்லாந்தர் கால் வைத்த கரையிலெல்லாம் அதன் துண்டுகள் மண்ணில் கிடக்கின்றன. 1656-இல் மேற்கு ஆஸ்திரேலியக் கரையில் மூழ்கிய அவர்களுடைய ‘ஃபெர்குல்டே டிராக்’ கப்பலின் சிதைவிலிருந்துகூட நிறையக் களிமண் சுங்கான்களை எடுத்திருக்கிறார்கள்.

இதில் என்னைக் கட்டிப்போட்ட ஒரு விஷயம் உண்டு. சுங்கானுக்குப் பேர்போன ஊர் ஒல்லாந்தின் கௌடா. ஆனால் அந்தத் தொழில் ஒல்லாந்தர் கண்டுபிடித்தது அல்ல. 1600-களின் தொடக்கத்தில் கூலிப்படையாக வந்து அங்கேயே தங்கிவிட்ட ஆங்கிலச் சிப்பாய்கள் கொண்டுவந்து கொடுத்தது. அவர்களுக்கும் முன்னால், 1586-இல் அமெரிக்காவின் ரோனோக் குடியேற்றத்திலிருந்து திரும்பிய ரால்ஃப் லேன் இங்கிலாந்தில் சுங்கான் பழக்கத்தைப் பரப்பியவர்களில் ஒருவர். அவரும் ஒரு பட்டாளத்தார்தான். 1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போரில் எந்தெந்தப் படை எங்கெங்கே போனதோ அங்கெல்லாம் ஜெர்மன் கிராமங்கள் சுங்கான் பிடிக்கக் கற்றுக்கொண்டன. வியாபாரி பரப்பியதைவிடச் சிப்பாய் பரப்பியது அதிகம் என்றே எனக்குப் படுகிறது. வீட்டை விட்டு ஆயிரம் மைல் நடக்கிறவன் வேறு எதைத்தான் கூடவே எடுத்துப்போவான்?

களிமண் சுங்கான் மலிவு. சட்டென்று உடையும். உடைந்தால் தூக்கிப்போட்டு அடுத்ததை வாங்கவேண்டியதுதான். தொல்லியல்காரர்களுக்கு அதுவே வரமாகிவிட்டது. ஆரம்பத்தில் புகையிலை விலை அதிகம் என்பதால் கிண்ணம் விரல் நுனியளவுதான் இருந்தது. விலை இறங்க இறங்கக் கிண்ணம் பெருத்தது, குழல் நீண்டது, குழலின் துளை சிறுத்தது. 1954-இல் ஹாரிங்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தத் துளையை அளந்தே காலத்தைச் சொல்லலாம் என்று காட்டினார். 1600 வாக்கில் 64-இல் 9 பங்கு அங்குலம் இருந்த துளை, 1750-க்குப் பிறகு 64-இல் 4 பங்கு. டிரில் பிட்டை உள்ளே விட்டுப் பார்த்தால் போதும். அப்புறம், எலும்புக்கூடுகளும் பேசுகின்றன. களிமண் குழலைத் தினமும் ஒரே இடத்தில் கடித்தவர்களின் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேர்ந்து வட்டமாகத் தேய்ந்திருக்கும். வாயை மூடினாலும் அந்த இடத்தில் ஒரு துவாரம். பாட்டாவின் குழல் வல்கனைட் என்பதால் பல் தப்பித்தது, குழல்தான் தேய்ந்தது.

பழைய ஜெர்மன் அரசான பிரஷ்யாவின் ‘சிப்பாய் மன்னர்’ முதலாம் ஃபிரெடரிக் வில்லியம் 1740-இல் இறந்தார், குளச்சல் போருக்கு ஒரு வருஷம் முன்பு. மாலையில் தளபதிகளைக் கூட்டி, நீளமான ஒல்லாந்தச் சுங்கான்களைக் கொடுத்து உட்காரவைப்பது அவர் வழக்கம். புகையிலைக் கல்லூரி என்றே அந்தக் கூட்டத்துக்குப் பெயர். அங்கே அந்தஸ்து கிடையாது, யாரும் எதையும் பேசலாம். புகை ஒத்துக்கொள்ளாத கிழத் தளபதி லியோபோல்ட், பற்றவைக்காத சுங்கானை வாயில் வைத்தபடி உட்கார்ந்திருப்பாராம். புகையிலை வேண்டாம், அந்த வட்டத்தில் இருந்தால் போதும் என்ற மனுஷன்.

கோட்டையை விட்டு வெளியே வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டேன். பத்மநாபபுரம் அரண்மனை பக்கத்தில்தான். இந்த முறை போகவில்லை.

மூன்றாம் நாள், குளச்சல்

கடற்கரையில் வெற்றித் தூண் நிற்கிறது. 1741 ஆகஸ்ட் 10, பழைய நாட்காட்டிப்படி ஜூலை 31. திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த மெட்ராஸ் ரெஜிமெண்ட் 9-ஆவது பட்டாலியனுக்கு இது சொந்தக் கதை. ஒல்லாந்தரின் வெடிமருந்தில் ஒரு குண்டு விழுந்து, தீ பரவி, அரிசியெல்லாம் எரிந்துபோனதால்தான் அவர்கள் சரணடைந்தார்கள் என்று இங்கே சொல்வார்கள்.

வெடிமருந்தும் தீயும். கப்பல் சிப்பாயின் சுங்கான் கதை முழுக்க இதற்குள்தான் இருக்கிறது. கப்பல் மரம், பாய் துணி, கயிற்றில் தார், அடியில் வெடிமருந்துப் பீப்பாய். அதனால் புகைப்பதற்கு இடமும் நேரமும் குறித்து வைத்தார்கள். முன்தளத்தில் அல்லது அடுப்படிப் பக்கம் மட்டும். கீழ்த்தளத்தில் பற்றவைத்தால் கடும் தண்டனை. மாலுமிகள் பலர் மெல்லும் புகையிலைக்கு மாறியதற்கு அதுதான் காரணம். ஆங்கிலக் கடற்படையில் அந்தக் காலத்தில் இலையாகக் கொடுத்த புகையிலையை மாலுமிகளே ரம் தெளித்து, துணியில் உருட்டி, தார்க்கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பதப்படுத்துவார்கள். வாரக்கணக்கில் ஊறிக் கெட்டியானதும் நுனியிலிருந்து சீவிச் சீவிச் சுங்கானில் போடுவார்கள். வலை சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னேன். “வள்ளத்தில டீசல் கேன் பக்கத்துல பீடி பத்தவைக்க எங்களயும் விடமாட்டாவ” என்றார். கடல் யாரிடமும் ஒரே சட்டத்தைத்தான் பேசுகிறது.

சாயங்காலம் திங்கள்நகர் பக்கம் சித்தப்பாவின் கூட்டாளி வீட்டுக்குப் போனோம். ஹவில்தாராக ரிட்டயர் ஆனவர். என் பையிலிருந்த சுங்கானைப் பார்த்ததும் எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு பித்தளை டப்பாவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

மூடியின் நடுவில் ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம், கீழே ‘கிறிஸ்துமஸ் 1914’ என்ற எழுத்து. இளவரசி மேரியின் பரிசுப் பெட்டி! முதல் உலகப் போரின் முதல் கிறிஸ்துமஸுக்கு, அப்போது 17 வயதான அந்த இளவரசி பெயரில் நிதி திரட்டிப் பட்டாளத்தாருக்கு அனுப்பியது. புகைக்கிற ஆங்கிலச் சிப்பாய்க்கு ஒரு அவுன்ஸ் சுங்கான் புகையிலை, 20 சிகரெட், ஒரு சுங்கான், ஒரு லைட்டர். புகைக்காதவனுக்கு மிட்டாயும் எழுதுபொருளும். இந்தியர்களுக்குத் தனிக் கணக்கு. கூர்க்காக்களுக்கு ஆங்கிலேயருக்குக் கொடுத்த அதே பரிசு. சீக்கியர்களுக்குப் புகையிலை ஆகாது என்பதால் கற்கண்டும் மசாலா டப்பாவும். மற்ற இந்தியச் சிப்பாய்களுக்குச் சிகரெட், கற்கண்டு, மசாலா. தண்ணீர் சுமந்தவர்களுக்கு மசாலா மட்டும். சுங்கான் யாருக்கு, மசாலா யாருக்கு என்ற அந்தப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் மனசு கனக்கிறது. ஒரே சேற்றில் நின்றவர்கள்தானே.

ஹவில்தாரின் அம்மாவைப் பெற்ற தாத்தா அந்தப் போரில் மெசபடோமியா (இன்றைய ஈராக்) போய் வந்தவர். டப்பாவுக்குள் இப்போது சட்டைப் பொத்தான்களும் ஊசியும் கோட்டாறு சவேரியார் கோயில் மெடல் ஒன்றும் இருந்தன. “அம்மைக்க தையல் டப்பா” என்றார்.

அந்தப் போரில் ஆங்கிலச் சிப்பாயின் ரேஷனில் வாரம் 2 அவுன்ஸ் வரை புகையிலை உண்டு. இரவில் சிகரெட் நுனி தூரத்துக்குத் தெரியும். சுங்கானின் கனல் கிண்ணத்துக்குள் அடங்கியிருக்கும், மேலே கட்டைவிரலை வைத்தால் அதுவும் மறையும். அப்படியும் அந்தப் போரோடு சிகரெட் ஜெயித்துவிட்டது. கிரிமியப் போரில் துருக்கியரிடமிருந்து ஆங்கிலச் சிப்பாய்கள் கற்றுக்கொண்ட பழக்கம் அது. சுங்கானுக்கு உட்கார வேண்டும், திணிக்க வேண்டும், அணைந்தால் மறுபடி பற்றவைக்க வேண்டும். ஷெல் விழுகிற இடத்தில் ஐந்து நிமிஷம்தான் கிடைக்கும். சிகரெட் அந்த ஐந்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

அமைதிக் காலச் சுங்கான்கள் வேறு மாதிரி. அந்தக் காலத்து ஜெர்மனியில் கட்டாயப் படைச்சேவை முடித்து ஊர் திரும்புகிறவன் ஒரு பீங்கான் சுங்கானை வாங்கிக்கொண்டு போவான். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம், கிண்ணத்தில் ரெஜிமெண்டின் பெயரும் படமும் கூட்டாளிகளின் பெயர்களும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் முகாம்களில் கிடந்தவர்கள் லாரல் வேரைப் பேனாக்கத்தியால் குடைந்து, தாங்கள் நின்ற போர்க்களங்களின் பெயர்களை அதில் வெட்டினார்கள். 1945 ஆகஸ்ட் 30-இல் ஜப்பானில் வந்திறங்கிய அமெரிக்கத் தளபதி மெக்கார்தரின் வாயிலிருந்த சோளக்கட்டைச் சுங்கானைத்தான் உலகமே அறியும். எனக்கு அந்த லாரல் வேர்கள்தான் பெரிது. தன் சாவுக்குப் பக்கத்தில் போய் வந்த ஊரின் பெயரைத் தானே செதுக்கி, அதையே வாயில் வைத்துக்கொண்ட பிள்ளைகள்.

நான்காம் நாள், நெய்யூர், வட்டக்கோட்டை

காலையில் நெய்யூர் ஆஸ்பத்திரி வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். 1838-இல் லண்டன் மிஷன் தொடங்கிய இடம். ஹோவர்ட் சாமர்வெல் இங்கேதான் பல்லாண்டு சர்ஜனாக இருந்தார். 1916-இல் பிரான்சில் நடந்த சோம் போரில் அடிபட்டு வயல் முழுக்கக் கிடந்த சிப்பாய்களுக்கு ஆபரேஷன் செய்தவர். 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் ஏறப் போனவர். 1924-இல் எவரெஸ்டில் மறைந்த மல்லோரி கடைசியாகக் கையில் எடுத்துப் போன கேமரா இவருடையதுதான். 1922 பயணம் முடிந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர், இங்கே காத்துக்கிடந்த நோயாளிகளைப் பார்த்து லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டார்.

அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ‘ஓர்’ (Orr) என்ற பெயருடைய டாக்டர், 1933-இல் லான்செட் மருத்துவ இதழில் திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களுக்கு வரும் வாய்ப்புற்றுநோய் பற்றி எழுதினார். புகையிலையை வாயில் அடக்குகிற இடத்திலேயே புண் வருவதை எங்கள் ஊர் ஆட்களின் வாயைப் பார்த்துப் பார்த்து எழுதியது. சுங்கானுக்கும் இதே கணக்குதான். 1795-லேயே ஜெர்மன் டாக்டர் சோமரிங், சுங்கான் பிடிக்கிறவர்களுக்கு உதட்டில் புற்று வருவதைக் குறித்து வைத்திருக்கிறார். எந்தப் பட்டாளமும் அதைத் தன் ரேஷன் பட்டியலில் சேர்த்து எழுதவில்லை.

பாட்டாவுக்குக் கீழுதட்டின் இடது பக்கம் புண் வந்தது 1986-இல். சுங்கான் உட்காரும் அதே இடம். கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். புகையை அன்றோடு நிறுத்திவிட்டார், ஒரே சொல்லில். ஆனால் சாயங்காலம் திண்ணையில் உட்காரும்போது காலிச் சுங்கானை வலது பக்கம் மாற்றிக் கடித்துக்கொள்வார். ஆச்சி சத்தம் போடுவாள். “தீ இல்லட்டி” என்பார். ஐந்து வருஷம் அப்படி இருந்தார். அவர் போனபோது எனக்கு 14 வயது.

இதைச் சொல்லாமல் சுங்கானின் அழகை மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவருடைய அந்த அரை மணிநேரத்தை நான் மதிக்கிறேன். அதற்கு அவர் கொடுத்த விலையையும் பார்த்தவன் நான்.

சாயங்காலம் சித்தப்பாவோடு வட்டக்கோட்டைக்குப் போனேன். இதுவும் டிலனாய் கைபட்ட கோட்டைதான். மதில்மேல் ஏறினால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்புகளுக்குப் பின்னால் மலை. காற்றில் பேச முடியவில்லை. நாளைக்கு ரயில். வீட்டுச் சாமான் பங்கில் சுங்கான் யாருக்கு என்று இன்னும் யாரும் கேட்கவில்லை. பையிலிருந்து எடுத்து சித்தப்பாவிடம் நீட்டினேன். அவர் வாழ்நாளில் ஒரு பீடிகூடத் தொட்டதில்லை. குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது பக்கத் தடம் ஆழமாக இருந்தது. வலது பக்கம் இன்னொன்று, கொஞ்சம் லேசாக.

“இது ஆஸ்பத்திரிக்குப் பெறவு உள்ளது” என்றார், அந்த லேசான தடத்தை விரலால் தடவியபடி. பிறகு எண்ணெய்த் துணியை என்னிடம் கேட்டு வாங்கிச் சுற்றத் தொடங்கினார்.